1,826 நாள்களின் கணக்கு

பிரிட்டனில் வேலை விசாவில் இருப்பவர் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்க 5 ஆண்டுகள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். இடையில் ஒரு லீப் ஆண்டு வந்தால் அது 1,826 நாள். திறன்சார் பணியாளர் விசாவில் சென்னையிலிருந்து செல்லும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்: கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட 2 பிள்ளைகள். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, விசா வாங்குவதிலிருந்து வதிவுரிமை கிடைப்பது வரை இக்குடும்பம் பிரிட்டன் அரசுக்குச் செலுத்தும் தொகை 36,402 பவுண்டு. 1,826 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 19.94 பவுண்டு. பவுண்டுக்கு 115 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 41.86 லட்சம் ரூபாய். நிறுவனங்கள் சில இதில் ஒரு பகுதியை ஏற்பதுண்டு. ஏற்காத இடத்தில் முழுச் சுமையும் குடும்பத்தின் தலையில்தான்.

தொகை இப்படிப் பிரிகிறது. 3 ஆண்டுக்கு மேற்பட்ட விசாவுக்குத் தலைக்கு 1,519 பவுண்டு, நால்வருக்கு 6,076. சுகாதார மேல்வரி பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035, பிள்ளைக்கு 776. 5 ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்கப்படும் இந்த வரி நால்வருக்கு 18,110. வதிவுரிமை விண்ணப்பம் தலைக்கு 3,029, நால்வருக்கு 12,116. பெரியவர் இருவரும் எழுத வேண்டிய பிரிட்டன் வாழ்வியல் தேர்வுக்கு 50 வீதம் 100. ஆங்கிலத் தேர்வு, ஆவண மொழிபெயர்ப்பு, வழக்கறிஞர் செலவு எதுவும் இதில் சேரவில்லை.

மொத்தத்தில் 49.75 சதவீதம் சுகாதார மேல்வரி. 2015 ஏப்ரலில் இது அறிமுகமானபோது ஆண்டுக்கு 200 பவுண்டு. 2019 ஜனவரியில் 400. 2020 அக்டோபரில் 624. 2024 பிப்ரவரி 6 முதல் 1,035. ஒன்பது ஆண்டுக்குள் 5.2 மடங்கு. 2015இன் விகிதத்தில் இதே குடும்பம் 5 ஆண்டுக்குக் கட்டியிருக்கக்கூடியது 4,000 பவுண்டு, இன்று 18,110. இக்குடும்பத்தில் வேலை செய்பவர் மற்றவர்களைப்போல வருமான வரியும் தேசியக் காப்பீடும் செலுத்துகிறார். அதே மருத்துவமனைக்கு அவர் கொடுக்கும் இரண்டாவது தொகை இது என்று சொல்வது மிகையாகாது.

வதிவுரிமைக் கட்டணமும் இதே திசையில்தான் போனது. 2014இல் 1,093 பவுண்டு, 2015இல் 1,500, 2016இல் 1,875, 2017இல் 2,297, 2018இல் 2,389. நான்கே ஆண்டில் 119 சதவீத உயர்வு. 2018இல் ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்க ஆகும் செலவு என்று உள்துறை அமைச்சகமே மதிப்பிட்டது 243 பவுண்டு. வாங்கியது அதன் 9.8 மடங்கு. பரிசீலனைச் செலவை ஈடுகட்டத்தான் கட்டணம் என்ற வாதத்துக்கு இந்த இரண்டு எண்களும் இடம் தரவில்லை.

சுகாதாரப் பணியாளர் விசாவில் வரும் செவிலியருக்குக் கணக்கு வேறு. மேல்வரி இல்லை, விசா தலைக்கு 590 பவுண்டு. நால்வர் குடும்பத்துக்கு 5 ஆண்டு மொத்தம் 14,576. ஆனால் அதில் 83 சதவீதம், அதாவது 12,116 பவுண்டு, கடைசியில் ஒரே தவணையாகக் கட்ட வேண்டியது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் ஐந்தாம் நிலைச் செவிலியரின் 2025-26 தொடக்கச் சம்பளம் 31,049 பவுண்டு. வரிப் பிடித்தத்துக்கு முந்தைய ஓராண்டுச் சம்பளத்தில் 39 சதவீதம் அந்த ஒரு நாளில் போகிறது.

பணத்தைவிட நுணுக்கமானது நாள் கணக்கு. விதி இது: எந்தவொரு 12 மாத காலத்திலும் பிரிட்டனுக்கு வெளியே 180 நாளுக்கு மேல் இருந்திருக்கக்கூடாது. புறப்படும் நாளும் திரும்பும் நாளும் சேராது. முழுநாள் மட்டுமே எண்ணப்படும். 5 ஆண்டை ஐந்து தனித்தனி 12 மாதங்களாக வெட்டினால் உச்சவரம்பு 900 நாள். அப்படியானால் ஒருவர் குறைந்தபட்சம் 926 நாள், அதாவது 50.7 சதவீதம், நாட்டில் இருந்தால் போதும். கேட்பதற்குத் தாராளமாகத் தெரிகிறது. சிக்கல் 180 என்ற எண்ணில் இல்லை, ‘எந்தவொரு’ என்ற சொல்லில் இருக்கிறது.

2018 ஜனவரி 11 முதல் 12 மாதம் என்பது நாட்காட்டி ஆண்டும் அல்ல, விசா ஆண்டும் அல்ல. ஒவ்வொரு நாளிலிருந்தும் ஒரு புதிய 12 மாதம் தொடங்குகிறது. அதற்கு முன்பு விண்ணப்பத் தேதியிலிருந்து பின்னோக்கி ஐந்து நிலையான கட்டங்களாக எண்ணினார்கள். இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மாதிரிப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். இந்த வரிசையில் நிற்கும் பல வீடுகளில் கோடு போட்ட ஒரு நோட்டில் இருக்கும் பக்கம்தான்: சென்ற நாள், திரும்பிய நாள், முழுநாள் என மூன்று பத்திகள்.

விசா தொடங்கியது 2021 மார்ச் 1. முதல் வரி: சென்றது 2022 நவம்பர் 5, திரும்பியது 2023 ஜனவரி 20. நவம்பரில் 25, டிசம்பரில் 31, ஜனவரியில் 19; ஆக 75 நாள். ஊரில் தங்கையின் திருமணம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வரி: சென்றது 2023 ஜூலை 10, திரும்பியது அக்டோபர் 25. ஜூலையில் 21, ஆகஸ்டில் 31, செப்டம்பரில் 30, அக்டோபரில் 24. ஆக 106 நாள். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எழுந்து நடக்கும்வரை கூட இருக்க வேண்டியதாயிற்று. நாட்காட்டிப்படி 2022இல் 56, 2023இல் 125. விசா ஆண்டுப்படி 75, பிறகு 106. எப்படிப் பார்த்தாலும் 180க்கு வெகு கீழே. ஆனால் 2022 நவம்பர் 6 முதல் 2023 நவம்பர் 5 வரையிலான 12 மாதத்துக்குள் இரண்டு பயணமும் முழுமையாக விழுகின்றன. 75ஐயும் 106ஐயும் கூட்டினால் 181.

ஒரு நாள் அதிகம். அக்டோபர் 24 அன்றே திரும்பியிருந்தால் 180 என்று தேறியிருக்கும். உயிருக்கு ஆபத்தான நோய், நெருங்கிய உறவினரின் மரணம், போர், இயற்கைப் பேரிடர், பெருந்தொற்று ஆகியவற்றால் நேர்ந்த நாள்களைச் சான்று காட்டிக் கழிக்கலாம். இடுப்பெலும்பு முறிவை உயிருக்கு ஆபத்து என்று நிறுவுவது எளிதல்ல. விதியை நேர்பொருளில் படித்தால், இந்த 181 உள்ளே வராதபடி ஐந்தாண்டுக் கட்டத்தை நகர்த்த வேண்டும். அப்போது தொடக்கம் 2021 மார்ச் 1 அல்ல, 2022 நவம்பர் 7. தள்ளிப்போவது 616 நாள். ஒரு நாளுக்கு 616 நாள். இடைப்பட்ட காலத்துக்கு விசா நீட்டிப்பு 885 பவுண்டு, 2 ஆண்டு மேல்வரி 2,070. ஒருவருக்கு மட்டும் 2,955 பவுண்டு கூடுதல். 180 என்ற வரம்பு நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் ஒரு நாள் பிசகுக்கும் நூறு நாள் பிசகுக்கும் ஒரே அளவுகோல் என்பதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தவில்லை என்பது என் கருத்து.

இந்த நோட்டு ஏன் தேவைப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனை விட்டு வெளியேறும்போது கடவுச்சீட்டில் முத்திரை விழுவதில்லை. ஹீத்ரூவில் புறப்பட்ட நாளுக்கு அந்தச் சீட்டில் கிடைக்கும் ஒரே தடயம், சென்னை விமான நிலையத்தில் மறுநாள் குத்தப்பட்ட வருகை முத்திரை. மை மங்கி, 3 என்பது 8 போலத் தெரிந்தால் 5 நாள் வித்தியாசம். ஐந்தாண்டில் 8 முறை ஊருக்கு வந்தவரிடம் 16 தேதிகள் சரியாக இருக்க வேண்டும். எனவேதான் பழைய விமானச் சீட்டுகளை மின்னஞ்சலில் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

விண்ணப்பித்த பிறகும் நாள் எண்ணுவது நிற்பதில்லை. சாதாரண விண்ணப்பத்துக்கு முடிவு வர 6 மாதம் வரை ஆகலாம். அதற்குள் அயர்லாந்து உள்ளிட்ட பொதுப் பயண வட்டாரத்தைத் தாண்டிப் போனால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். அவசர முடிவுக்குத் தலைக்கு 1,000 பவுண்டு கூடுதல். ஊரில் வயதான பெற்றோர் உள்ளவர்கள் அந்த ஆயிரத்தை ஏன் கட்டுகிறார்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

அடுத்த படி குடியுரிமை. வதிவுரிமை பெற்று 12 மாதம் கழித்தே விண்ணப்பிக்கலாம். பிரிட்டன் குடிமகரை மணந்தவருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. இங்கே வரம்பு மாறுகிறது: 5 ஆண்டில் வெளியே 450 நாள், கடைசி 12 மாதத்தில் 90 நாள். வதிவுரிமைக்கு 900 நாள் வெளியே இருந்து தேறியவர் குடியுரிமைக்குத் தேறமாட்டார். நாட்டில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு 50.7 சதவீதத்திலிருந்து 75.4 சதவீதமாக ஏறுகிறது. கட்டணம் விழாச் செலவு 130 உட்பட பெரியவருக்கு 1,735 பவுண்டு. முதல் வரம்பை மட்டும் மனத்தில் வைத்துப் பயணங்களைத் திட்டமிட்டவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

கணவன் மனைவியின் கணக்கு தனித்தனி. மனைவி 14 மாதம் பின்னால் வந்தால் அவருடைய 5 ஆண்டு 14 மாதம் பின்னால்தான் முடியும். பெற்றோர் இருவரும் வதிவுரிமை பெறும்வரை பிள்ளைகளும் பொதுவாகத் தாயோடு காத்திருக்க வேண்டும். 180 நாள் வரம்பு 2018 முதல் துணைவருக்கும் பொருந்துகிறது. பிரசவத்துக்கு ஊருக்கு வந்து 7 மாதம் தங்கும் நம் வழக்கம் இந்த விதிக்குள் அடங்காது.

இந்த ஆண்டுக்கணக்குகள் கல்லில் பொறித்தவை அல்ல. பணியாளர்களுக்கு 2006 ஏப்ரல் 3 வரை 4 ஆண்டு, பிறகு 5. பிரிட்டன் குடிமகரின் துணைவருக்கு 2003 வரை 1 ஆண்டு, பிறகு 2, 2012 ஜூலை 9 முதல் 5. அகதிகளின் வரிசை இன்னும் ஏற்ற இறக்கமானது. 1998 வரை 4 ஆண்டு; 1998இலிருந்து 2005 ஆகஸ்ட் வரை பூஜ்யம், அதாவது அகதி நிலையோடு வதிவுரிமையும் உடனே கிடைத்தது; அதன்பின் 5. 1980களிலும் 90களிலும் சென்ற ஈழத் தமிழர் பலருக்கு அகதி நிலையே கிடைக்கவில்லை. சிறப்பு அனுமதி என்ற தாழ்ந்த நிலைதான் கிடைத்தது. அதிலிருந்து வதிவுரிமைக்கு 1998 வரை 7 ஆண்டு, பிறகு 4. ஒரே ஊரிலிருந்து, ஒரே போரிலிருந்து ஓடியவர்கள் வந்த ஆண்டைப் பொறுத்து 0, 4, 5, 7 என நான்கு வெவ்வேறு காலம் காத்திருந்தார்கள்.

2006 மாற்றத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 4 ஆண்டில் வதிவுரிமை என்று நம்பி உயர்திறன் குடியேற்றத் திட்டத்தில் வந்தவர்களுக்கும் 5 ஆண்டு விதி பொருத்தப்பட்டது. அவர்களில் இந்தியர் பெரும் எண்ணிக்கையில் இருந்தனர். அவர்கள் அமைப்பாகச் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். ஏற்கெனவே அத்திட்டத்தில் இருந்தவர்களுக்கு மாற்றத்தைப் பொருத்தியது சட்டப்படி செல்லாது என்று 2009 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடுதலாக்கப்பட்ட 1 ஆண்டை நீக்க ஆனது 3 ஆண்டு.

2025இல் முன்வைக்கப்பட்டது 1 ஆண்டு அல்ல, 5 ஆண்டு அதிகரிப்பு. மே 12 அன்று வெளியான வெள்ளை அறிக்கை பொதுக் காலவரையறையை 10 ஆண்டாக்க வேண்டும் என்றது. நவம்பர் 20 அன்று உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் விவரங்களை வெளியிட்டார். 2026 பிப்ரவரி 12 வரை கருத்துக் கேட்கப்பட்டது. அதன்படி ஆண்டு வருமானம் 3 ஆண்டுகளுக்கு 1,25,140 பவுண்டைத் தாண்டினால் 7 ஆண்டு குறைப்பு. 50,270ஐத் தாண்டினால் 5 ஆண்டு குறைப்பு. குறிப்பிட்ட பொதுச்சேவைப் பணிகளில் 5 ஆண்டு இருந்தாலும் 5 ஆண்டு குறைப்பு. பட்டப்படிப்பு நிலைக்குக் கீழான பராமரிப்புப் பணி போன்றவற்றில் இருப்பவருக்கு அடிப்படையே 15 ஆண்டு. அரசு உதவித்தொகை பெற்றால் 5 அல்லது 10 ஆண்டு கூடும். அகதிகளுக்கு 30 மாத அனுமதிகளாகக் கொடுத்து 20 ஆண்டில் வதிவுரிமை. எட்டு அனுமதிகளின் தொலைவு அது. இன்னும் வதிவுரிமை பெறாமல் நாட்டுக்குள் ஏற்கெனவே காத்திருப்பவர்களையும் இது தொடும் என்பதே முன்மொழிவு.

வருமானமும் காத்திருப்பும் எதிரெதிராக ஓடுவதைக் கவனிக்கலாம். 1,25,140 பவுண்டுக்காரருக்கு 3 ஆண்டு. 50,270 பவுண்டுக்காரருக்கு 5 ஆண்டு. 2025 ஏப்ரல் விதிப்படிக் குறைந்தபட்சம் 25,000 பவுண்டு பெறும் பராமரிப்புப் பணியாளருக்கு 15 ஆண்டு. சம்பளம் ஐந்தில் ஒன்று, காலம் ஐந்து மடங்கு. மணிக்கு 12.82 பவுண்டு பெறும் அவர் 3,029 பவுண்டுக் கட்டணத்துக்கு 236 மணி நேரம், வாரம் 37.5 மணி என்றால் 6 வாரத்துக்கு மேல், வேலை செய்ய வேண்டும். வேலை போனால் புதிய நிறுவனம் தேட அவருக்குக் கிடைப்பது 60 நாள். அந்த 60 நாள் அச்சம் 5 ஆண்டு நீடிப்பதும் 15 ஆண்டு நீடிப்பதும் ஒன்றல்ல. முதலாளியிடம் ‘முடியாது’ என்று சொல்ல முடியாத காலத்தின் நீளம் அது.

10 ஆண்டு ஆனால் செலவு என்ன ஆகும்? முதலில் சொன்ன நால்வர் குடும்பத்துக்கு, நாட்டுக்குள்ளிருந்து விசா நீட்டிக்கத் தலைக்கு 1,751 வீதம் 7,004 பவுண்டு; மேல்வரி மீண்டும் 18,110. கூடுதல் 25,114, மொத்தம் 61,516. உயர்வு 69 சதவீதம். பிள்ளைகள் இருவரும் 18ஐத் தாண்டவில்லை என்றும், 2025 கட்டணம் 10 ஆண்டும் அப்படியே நிற்கும் என்றும் கொண்ட கணக்கு இது. இதுவரையிலான போக்கு இரண்டாவது அனுமானத்துக்கு ஆதரவாக இல்லை. செவிலியர் குடும்பத்துக்குக் கூடுதல் 2,360 பவுண்டு மட்டும், 16 சதவீதம். அவர்களிடம் கூடுதலாக வாங்கப்படுவது பெரும்பாலும் காலம்.

10 ஆண்டு வழி பிரிட்டனுக்குப் புதிதும் அல்ல. குடும்ப வாழ்வு, தனிவாழ்வு அடிப்படையிலான 10 ஆண்டு வழி 2012 முதல் இருக்கிறது. 30 மாதத்துக்கு ஒருமுறை விண்ணப்பம் 1,321 பவுண்டு, மேல்வரி 2,587.50, ஆக ஒரு முறைக்கு 3,908.50. நான்கு முறைக்கு 15,634, வதிவுரிமை 3,029, ஒரு பெரியவருக்கு மொத்தம் 18,663 பவுண்டு. கட்டமுடியாதவருக்குக் கட்டண விலக்கு உண்டு, வறுமையை ஆவணத்தோடு நிரூபித்தால்.

கனடா இதே கேள்வியைத் தலைகீழாகக் கேட்கிறது. தேர்வாகி வருபவருக்கு இறங்கும் நாளிலேயே பி.ஆர். எனும் நிரந்தர வதிவுரிமை கிடைக்கிறது, வசிக்கும் கடமை அதற்குப் பிறகு. 5 ஆண்டில் 730 நாள், அதாவது 40 சதவீதம், நாட்டில் இருந்தால் பி.ஆர். நிலைக்கும். குடியுரிமைக்கு 5 ஆண்டில் 1,095 நாள், 60 சதவீதம். பி.ஆருக்கு முன்பு படித்த, வேலை செய்த நாள்கள் ஒவ்வொன்றும் அரை நாளாக, 365 வரை எண்ணப்படும். அங்கும் எண்கள் ஆடியிருக்கின்றன: 2015 ஜூனில் 6 ஆண்டில் 1,460 நாள் என்று உயர்த்தி, 2017 அக்டோபர் 11 அன்று 1,095க்கு இறக்கினார்கள். 2024 ஏப்ரல் 30 முதல் பெரியவருக்கு 1,525 கனடிய டாலர், பிள்ளைக்கு 260. நால்வருக்கு 3,570 டாலர், ஏறத்தாழ 1,900 பவுண்டு. பிரிட்டனின் 36,402இல் இது 5 சதவீதம். ஜெர்மனியில் நீல அட்டை வைத்திருப்பவர் அடிப்படை ஜெர்மன் தெரிந்தால் 27 மாதத்தில், இடைநிலை ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில் நிரந்தர அனுமதி கேட்கலாம். அங்கே மொழி 6 மாதத்தைக் குறைக்கிறது.

பிள்ளைகளின் கணக்கு ஒன்று மீதமிருக்கிறது. 11 வயதில் பெற்றோரோடு வந்த பிள்ளைக்கு 5 ஆண்டு விதிப்படி 16 வயதில் வதிவுரிமை. 10 ஆண்டு என்றால் 21. 15 ஆண்டு என்றால் 26. இங்கிலாந்தில் 18 வயதில் பல்கலைக்கழகத்தில் உள்நாட்டு மாணவராகச் சேர வதிவுரிமை வேண்டும். இல்லாதவருக்கு நீண்டகால வசிப்பு என்றொரு விலக்கு உண்டு. வயதில் பாதியை, அதாவது 9 ஆண்டை, பிரிட்டனில் கழித்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளை கழித்தது 7. 2025-26இல் உள்நாட்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு ஆண்டுக்கு 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவர் கட்டணம் பல படிப்புகளுக்கு 20,000க்கு மேல். 20,000 என்றே வைத்தாலும் 3 ஆண்டுப் பட்டத்துக்கு வித்தியாசம் 31,395 பவுண்டு. காலவரையறை 5 ஆண்டு நீள்வதால் நால்வர் குடும்பம் விசாவுக்கும் மேல்வரிக்கும் கூடுதலாகக் கட்டும் 25,114ஐவிட, ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கூடுதலாக ஆகும் இந்தத் தொகை 6,281 பவுண்டு அதிகம்.